ஒற்றைக் கணப்பு வீடுகள்

ஓல்டாம், பர்ன்லி, லீட்ஸ் போன்ற வட இங்கிலாந்து ஆலை நகரங்களில் 1945க்கும் 1960க்கும் இடையே வளர்ந்தவர்களிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்டால், ஏறக்குறைய ஒரே பட்டியலை ஒப்பிப்பார்கள். ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் பனி. திங்கட்கிழமை சோப்பு வாடையும் ஆறிப்போன இறைச்சியும். வெள்ளிக்கிழமை ராத்திரி தகரத் தொட்டிக் குளியல். கொல்லைக்கோடியில் கக்கூஸ். மீட்டருக்கென்று எடுத்து வைத்த ஷில்லிங். மூக்கைச் சிந்தினால் கறுப்பு. கேட்கிறவருக்கு இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத துணுக்குகளாகத் தெரியும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றுதான்: வீடு முழுவதற்கும் அன்றாடம் எரிந்தது ஒரே ஒரு நிலக்கரிக் கணப்பு. சமையல், வெந்நீர், சலவை, கதகதப்பு எல்லாவற்றையும் அந்த ஒரு நெருப்பையும், அதற்குத் துணையாக இருந்த ஒரு செப்புக் கொப்பரையையும் வைத்தே சமாளித்தார்கள். எந்தக் கிழமையில் எந்த வேலை என்பதைக்கூட அதுதான் தீர்மானித்தது.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிட்டால் மற்றது எளிது. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, பின்னால் ஒரு சிறு கொல்லை. பக்கச்சுவர்கள் அண்டை வீட்டுக்கும் பொது. இப்படி நாற்பது ஐம்பது வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். லீட்ஸ் நகரில் பின்சுவரும் பொதுவான வீடுகள் ஏராளம். அவற்றுக்குக் கொல்லையே கிடையாது. முன்னறைக் கணப்பைக் கிறிஸ்துமஸுக்கும் இழவுக்கும்தான் மூட்டுவார்கள். மாடிப் படுக்கையறையில் சின்னக் கணப்பு இருந்தாலும், யாராவது காய்ச்சலில் படுத்தால் ஒழிய அதில் நெருப்புக் கிடையாது. ஆக, எரிவது சமையலறைக் கணப்பு மட்டும். வார்ப்பிரும்பால் செய்த பெரிய அமைப்பு அது. நடுவில் நெருப்பு, ஒரு பக்கம் ரொட்டி சுடும் அறை, மறுபக்கம் தண்ணீர் கொதிக்கும் தொட்டி. வாரம் ஒருமுறை அதற்குக் கரும்பசை பூசிப் பளபளவென்று தேய்க்க வேண்டும்.

கரி மூட்டையில் வந்தது. ஒரு மூட்டை 112 பவுண்டு, அதாவது 51 கிலோ. முதுகில் தோல் கவசம் கட்டிய கரிக்காரர் ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து கொட்டுவார். கொட்டி முடிந்ததும் காலிச் சாக்குகளை வீட்டம்மா எண்ணிப் பார்ப்பார். எண்ணாவிட்டால் ஒரு மூட்டை குறைந்தது தெரியாமலே போய்விடும். போர் முடிந்த பிறகும் கரிக்குப் பங்கீடு நீடித்தது. 1958 ஜூலையில்தான் எடுத்தார்கள். 1947 ஜனவரி 1 அன்று சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. அதே மாதக் கடைசியில் தொடங்கிய கடும் பனி மார்ச் நடுப்பகுதி வரை விடவில்லை. ரயிலில் ஏற்றிய கரி வழியிலேயே உறைந்து நிற்க, பிப்ரவரியில் மின்வெட்டு வந்தது. கரி மேலேயே நாடு உட்கார்ந்திருந்தும் வீட்டில் கரி இல்லை என்ற எரிச்சல் அந்தத் தலைமுறைக்கு இன்னமும் தீரவில்லை.

நெருப்பு மூட்டுவது அன்றாட வேலை, பெரும்பாலும் விடிவதற்கு முன்பே. முதலில் பழைய சாம்பலைச் சலிக்க வேண்டும். பாதி எரிந்த கங்கு மேலே நிற்கும், அது மறுபடி பயன்படும். கம்பித் தட்டுக்குக் கீழே சேர்ந்த சாம்பலை வழித்தெடுக்காமல் விட்டால் காற்றுக்கு வழியில்லை. நெருப்புப் புகையுமே தவிரப் பிடிக்காது. அடுத்து, முறுக்கிய செய்தித்தாள், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுள்ளி, அதன்மேல் முட்டையளவு கரித்துண்டுகள். பெரிய கட்டியை எடுத்தவுடனே போட்டால் சுள்ளி அமுங்கி அணைந்துவிடும். பற்ற வைத்ததும் கணப்பின் வாயை ஒரு செய்தித்தாள் விரிப்பால் மூடிப் பிடிப்பார்கள். காற்று கீழ்வழியாக மட்டுமே நுழைய, நெருப்பு உறுமிக்கொண்டு எழும். ஆபத்தும் அங்கேதான். தாளின் நடுவில் பழுப்புப் புள்ளி தெரிந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் தாள் தீப்பிடித்துப் புகைபோக்கிக்குள் உறிஞ்சப்படும். அங்கே படிந்திருக்கும் புகைக்கரியும் பற்றிக்கொண்டால் கூரைக்கு மேலே தீச்சுவாலை. மூடுபனிக் காலைகளில் வேறொரு தொல்லை. புகைபோக்கிக்குள் குளிர்ந்த கனமான காற்று அடைத்துக்கொண்டு நிற்பதால் புகை அறைக்குள்ளேயே திரும்பும். அதற்கு வழி, முதலில் ஒரு தாளைக் கொளுத்திப் புகைபோக்கிக்குள் உயர்த்திப் பிடித்து உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்குவது.

ராத்திரியில் நெருப்பை அணைப்பதில்லை. ஈரக் கரித்தூளோடு உருளைக்கிழங்குத் தோல், தேயிலைச் சக்கை எல்லாம் சேர்த்து மேலே அப்பிவிடுவார்கள். காலையில் கிளறினால் உள்ளே தணல் இருக்கும்.

இப்படிப் பாடுபட்டு மூட்டிய நெருப்பு அறைக்குக் கொடுத்தது எவ்வளவு? திறந்த கணப்பில் கரியின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு அறைக்குள் வந்தால் அதிகம். மிச்சம் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் குளிர்காற்று சீறிக்கொண்டு உள்ளே வரும். நெருப்பு எவ்வளவு நன்றாக எரிகிறதோ அவ்வளவு குளிர்காற்று. முகம் வறுபடும், முதுகு விறைக்கும் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். நெருப்பை ஒட்டியே உட்கார்ந்த பெண்களின் கெண்டைக்காலில் வலைபோலச் செந்திட்டு படர்ந்திருக்கும். பனியில் விறைத்த காலோடு பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் நேரே கணப்பில் காலை நீட்டினால், குளிரில் சுருங்கிய ரத்தக்குழாய்கள் சட்டென்று விரிந்து விரல்கள் சிவந்து வீங்கி, ராத்திரியெல்லாம் அரிக்கும். மெதுவாகச் சூடேற்று என்று அம்மாக்கள் கத்தியும் கேட்ட பிள்ளை இல்லை.

குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம் என்ற ஏக்கத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். உட்கார வேறு இடம் இல்லை. அந்த ஒரே அறையில் ஒருவர் வீட்டுப்பாடம் எழுதினார், ஒருவர் வானொலி கேட்டார், ஒருவர் ஷூவுக்கு மெருகு போட்டார். மாடி அறையின் வெப்பம் வெளியே இருப்பதைவிடச் சில டிகிரிதான் கூடுதல். மூச்சுக்காற்றின் ஈரம் ஒற்றைக் கண்ணாடியில் படிந்து, விடியற்காலையில் இலை வடிவப் பனியாக உறைந்திருக்கும். படுக்கையைச் சூடேற்ற வெந்நீர்ப் புட்டி. அதுவும் இல்லாத வீட்டில் கணப்பில் சுட்ட செங்கலைக் கம்பளித் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தார்கள். போர்வை போதாதபோது அப்பாவின் மேல்கோட்டு. 1962 டிசம்பர் கடைசியில் தொடங்கிய குளிர் 1963 மார்ச் வரை நீண்டது. அந்தக் குளிர்காலத்திலும் லட்சக்கணக்கான வீடுகளில் நிலைமை இதுதான்.

சலவையைப் பற்றி நிதானமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த வாழ்க்கையின் பாரம் யார் தோளில் இருந்தது என்பது அதில்தான் பளிச்சென்று தெரியும். திங்கட்கிழமையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஞாயிறு மதியம் ஒரு பெரிய இறைச்சித் துண்டைச் சுடுவார்கள். மிஞ்சியது மறுநாளுக்கு ஆகும், சமைக்க வேண்டியதில்லை. குளிர்ந்த இறைச்சித் துண்டுகளும், மிச்ச உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் ஒன்றாகப் பிசைந்து வறுத்ததும்தான் திங்கட்கிழமைச் சாப்பாடு. நெருப்பும் கையும் அன்றைக்குத் துணிக்கே சொந்தம்.

ஞாயிறு ராத்திரியே வெள்ளைத் துணிகளைச் சோடா கலந்த தண்ணீரில் ஊற வைப்பார்கள். பின்கட்டின் மூலையில் செங்கல் கட்டி அதற்குள் பதித்த கொப்பரை ஒன்று இருக்கும். செம்பிலோ வார்ப்பிரும்பிலோ செய்தது, அடியில் தனி நெருப்புக்குழி. திங்கள் காலை ஐந்தரை ஆறுக்கெல்லாம் அதை மூட்டியாக வேண்டும். தண்ணீர் கொதிக்கவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். சோப்பைச் சீவிப் போட்டு, வெள்ளையை முதலில் இறக்கி அரை மணி நேரம் கொதிக்க விடுவார்கள். நம்மூர் வெள்ளாவி நினைவுக்கு வரலாம், ஆனால் இது ஆவியில் அவிப்பதில்லை, தண்ணீரிலேயே வேக வைப்பது. வெள்ளை முடிந்ததும் அதே தண்ணீரில் கலர்த் துணி, கடைசியில் வேலைக்குப் போட்டுப் போகும் அழுக்குத் துணி. ஒவ்வொன்றுக்கும் புதுத் தண்ணீர் காய்ச்ச நேரமும் இல்லை, கரியும் இல்லை. இந்த வரிசையைக் குலைத்தால் வெள்ளை பழுப்பாகிவிடும்.

கொதித்த துணியை வெளுத்துப்போன கழியால் தூக்கி, வரிவரியாக மடிப்புள்ள துத்தநாகத் தகட்டுத் தொட்டியில் போடுவார்கள். அதைக் குத்தி எடுக்க ஒரு நீண்ட கட்டை. அதன் நுனியில் மணி வடிவத்தில் ஓட்டை போட்ட செம்புத் தலை; கீழே அமுக்கும்போது தண்ணீரைத் துணிக்குள் தள்ளும், இழுக்கும்போது உறிஞ்சும். காலரையும் கைவிளிம்பையும் மட்டும் சலவைப் பலகையில் தேய்த்தார்கள். பிறகு இரண்டு மூன்று முறை அலசல், கடைசி அலசலில் நீலம். நீலக்கட்டியைத் துணிமூட்டையில் கட்டித் தண்ணீரில் சுழற்றிவிட்டு உடனே எடுத்துவிட வேண்டும். மூட்டை துணிமேல் தங்கினால் திட்டு விழும். விழுந்துவிட்டால் வினிகர் கலந்த தண்ணீரில் அலசினால் போகும், ஏனென்றால் அந்த நீலம் அமிலத்தில் சிதையும். காலருக்கும் மேசைவிரிப்புக்கும் கஞ்சி. மாவை முதலில் பச்சைத்தண்ணீரில் குழைத்துக்கொண்டு அப்புறம் வெந்நீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டிப் போகும்.

அடுத்தது மாங்கிள். இரண்டு மர உருளைகளுக்கு நடுவே துணியைக் கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றினால், கரும்புச்சாறு எந்திரம் மாதிரி தண்ணீரைப் பிழிந்து தள்ளும். பொத்தான்களை உள்பக்கம் மடித்துக் கொடுக்காவிட்டால் நொறுங்கிவிடும். குழந்தைகளின் பஞ்சு உள்மேலாடையில் ரப்பர் பொத்தான் இருந்ததை அந்தக் காலத்துப் பெண்கள் மறப்பதில்லை. அது மாங்கிளுக்குத் தாக்குப்பிடிக்கும். சக்கரம் சுற்றுவது பெரும்பாலும் பிள்ளைகள் வேலை. துணியோடு விரலும் உள்ளே போய் நசுங்குவது அபூர்வமான விபத்து ஒன்றும் இல்லை.

இத்தனையும் முடிந்து பின்தெருவின் குறுக்கே கயிறு கட்டிக் காயப்போட்டால், காற்று ஆலைப்பக்கமிருந்து வீசத் தொடங்கியதும் கரித்துகள் பறந்து வந்து ஈரத் துணியில் உட்காரும். தட்டிவிட்டால் தீற்றிக்கொள்ளும், ஊதித்தான் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை பின்தெருவில் வண்டி ஓட்டத் துணிந்த கரிக்காரர் தெரு முழுவதன் திட்டையும் வாங்கிக்கொண்டு போவார். மழை பெய்தால் நிலைமை இன்னும் மோசம். கூரையிலிருந்து கப்பியில் தொங்கும் மரச்சட்டத்தில் அத்தனை ஈரத்தையும் ஏற்ற வேண்டும். கணப்பைச் சுற்றிலும் துணி, வீட்டில் யாருக்கும் நெருப்பு கிடையாது, சுவரெல்லாம் வியர்க்கும். செவ்வாய் இஸ்திரி நாள். கொப்பரை இல்லாதவர்களும் இடம் இல்லாதவர்களும் பழைய தள்ளுவண்டியில் துணியை வைத்து நகராட்சியின் பொதுச் சலவைக்கூடத்துக்குப் போனார்கள். கிட்டி வில்கின்சனின் முயற்சியால் 1842இல் லிவர்பூலில் தொடங்கியது அந்த ஏற்பாடு.

வெள்ளிக்கிழமைக் குளியலுக்கு வருவோம். 1951 கணக்கெடுப்பின்படி மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலையான குளியல்தொட்டி இல்லை. கொல்லைச் சுவரில் ஆணியில் தொங்கும் தகரத் தொட்டியை எடுத்துவந்து கணப்பின் முன்னே போடுவார்கள். வாரம் ஒருமுறைதான் என்பதற்குக் கரிச்செலவைக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் அது அவ்வளவு பொருந்தவில்லை. 45 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர, கரியின் வெப்பத்தில் நாலில் ஒரு பங்குதான் தண்ணீருக்குச் சேர்கிறது என்று வைத்தாலும், முக்கால் கிலோவோ சற்றுக் கூடவோ கரி போதும். பெரும் பாரம் தண்ணீர் சுமப்பதுதான். 9 லிட்டர் வாளியில் ஐந்து நடை கொண்டுவந்து ஊற்ற வேண்டும், குளித்து முடிந்ததும் அதே ஐந்து நடை மொண்டு கொல்லையில் கொட்ட வேண்டும். ஐந்து பேருக்கும் தனித்தனியாக மாற்றினால் ஐம்பது நடை. அதனால்தான் ஒரே தண்ணீரில் எல்லோரும் குளித்தார்கள். நடுநடுவே ஒரு கெட்டில் வெந்நீர் சேர்த்துக்கொள்வார்கள். கடைசியில் இறங்குகிறவருக்குச் சாம்பல் நிறத் தண்ணீர்.

கக்கூஸில், பர்ன்லி இருக்கும் லங்காஷயர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தனித் திகில் இருந்தது. பர்ன்லியில் டக்கெட் நிறுவனம் தயாரித்த ஒருவகைக் கழிப்பறையில் சங்கிலியும் இல்லை, தொட்டியும் இல்லை. சமையலறைத் தொட்டியின் கழிவுநீர் பூமிக்கடியில் ஒரு சாய்வுக்கலத்தில் சேரும். நிரம்பியதும் எடை தாங்காமல் கலம் குப்புறக் கவிழ்ந்து, தண்ணீர் பெரும் ஓசையோடு பாய்ந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். எப்போது கவிழும் என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. கீழே ஆளுயரத்துக்கும் மேலான இருட்டுக் குழி வேறு. வீட்டில் தண்ணீர் அதிகம் புழங்காவிட்டால் கலம் நிரம்பாது, நாற்றம் கிளம்பும். சாதாரணக் கழிப்பறையில் குளிர்காலச் சிக்கல் வேறு: குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க ராத்திரி முழுக்க ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கை அதனடியில் ஏற்றி வைத்தார்கள். சதுரமாகக் கிழித்துக் கயிற்றில் கோத்த செய்தித்தாள் எல்லா ஊருக்கும் பொது.

எரிவாயுவும் கரியிலிருந்து வந்ததுதான். ஊருக்கு ஊர் இருந்த வாயு ஆலைகளில் கரியைக் காற்றில்லாமல் சுட்டு வாயு எடுத்தார்கள், மிஞ்சியது கோக் என்ற சுட்ட கரி. சனிக்கிழமை காலையில் குழந்தைத் தள்ளுவண்டியோடு வரிசையில் நின்று கோக் வாங்கி வருவது பையன்களின் வேலை. வீட்டில் வாயு வேண்டுமானால் மீட்டரில் பென்னியோ ஷில்லிங்கோ போட வேண்டும். காசு தீர்ந்தால் கேக் பாதி வெந்த நிலையில் அடுப்பு அணைந்துவிடும். மீட்டர்க்காரர் வந்து பெட்டியைத் திறந்து, மேசைமேல் காசைக் கொட்டி அடுக்கடுக்காக எண்ணுவார். மீட்டரை உண்மை விலையைவிடக் கூடுதலாக அமைத்திருந்ததால் ஒரு பகுதி திரும்ப வரும். பிள்ளைகளுக்கு அது திருவிழா. மீட்டருக்குள் வெளிநாட்டுக் காசும் தேய்த்த வட்டத்தகடும் கிடந்தால் அதைக் கழித்துக்கொள்வார். கதவைப் பூட்டாமலே வாழ்ந்தோம் என்று பெருமைப்படுபவர்கள், அந்தக் காலத்துத் திருடர்கள் உடைத்தது பெரும்பாலும் இந்த மீட்டர்ப் பெட்டியைத்தான் என்பதைச் சொல்வதில்லை.

மிட்டாய்க்கும் கரிக்கும் தொடர்பில்லை, ஆனாலும் விட முடியாது. பங்கீட்டிலிருந்து மிட்டாயை 1949 ஏப்ரலில் எடுத்து, தேவை கட்டுக்கடங்காமல் போனதால் அதே ஆகஸ்டில் மறுபடி கொண்டுவந்தார்கள். முழுக்க நீங்கியது 1953 பிப்ரவரி 5 அன்று. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பென்னியில் காலான ஃபார்த்திங் 1960 முடிய செல்லுபடியானது. அதனால் ஒரு பென்னிக்கு நாலு மிட்டாய் என்ற விலை சாத்தியமாயிற்று. 1946 முதல் பள்ளியில் இலவசமாகக் கொடுத்த மூன்றில் ஒரு பைண்ட் பால், ஏறக்குறைய 190 மில்லி, குளிர்காலத்தில் முற்றத்திலேயே உறைந்து மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். உருக்குவதற்கு அதை வகுப்பறை அடுப்பருகே வைப்பார்கள். வெதுவெதுப்பான அந்தப் பாலின் ஆடை வாடையால் ஆயுள் முழுக்கப் பாலையே தொடாமல் போனவர்கள் உண்டு.

லட்சக்கணக்கான கணப்புகள், அவற்றோடு ஆலைகளின் புகைபோக்கிகள். கட்டடங்கள் கறுத்தன, கல்லின் இயல்பான நிறமே அதுதான் என்று நினைத்து வளர்ந்தவர்கள் பலர். நம் உயிரியல் பாடத்தில் வரும் பிஸ்டன் பெட்டுலேரியா அந்துப்பூச்சியின் கறுப்பு வகை 1848இல் பதிவானது மான்செஸ்டரில். ஆண்டுக்கொருமுறை ஆலைகள் மூடும் விடுமுறை வாரத்தில் ஊர் மொத்தமும் பிளாக்பூல் கடற்கரைக்கு ரயிலேறும். போக வசதியில்லாமல் தங்கியவர்களுக்கு அந்த ஒரு வாரம் சுற்றியுள்ள குன்றுகள் தெளிவாகத் தெரிந்தன. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைப்பனியில் சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. பேருந்துக்கு முன்னால் நடத்துநர் விளக்கோடு நடந்தார். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குள் புகை நுழைந்து இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அந்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் மட்டமான கரித்தூள் கலவையைப் பங்கீடில்லாமல் விற்க அரசு அனுமதித்திருந்தது என்பது கசப்பான பொருத்தம்.

1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகையற்ற பகுதிகளை அறிவிக்க நகராட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. கணப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கை மானியமாகக் கொடுத்தார்கள். பணக்காரப் பகுதிகளில் வேகமாக நடந்தது. தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கரியும் கிடைத்த சுரங்க ஊர்களில் இழுத்துக்கொண்டே போனது. கையில் இருக்கும் கரியை விட்டுவிட்டுப் புகையில்லா எரிபொருளை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? 1967 முதல் பத்தாண்டுகளில் வடகடல் இயற்கை வாயு வீடுவீடாக வந்து, கரிவாயு ஆலைகள் மூடப்பட்டன. 1955க்கும் 1975க்கும் இடையே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய வீடுகளை இடித்தார்கள். 1970களின் தொடக்கத்தில்கூடப் பாதிக்கும் குறைவான வீடுகளில்தான் எல்லா அறைகளையும் சூடாக்கும் மையச் சூடேற்றம் இருந்தது. அது வந்த வீட்டில் பிள்ளைகள் முதலில் செய்தது, மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. தெரு விளையாட்டு ஒழிந்ததற்குத் தொலைக்காட்சியைக் குறை சொல்கிறவர்கள் இதையும் காரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1950இல் பிரிட்டனில் இருந்த கார்கள் மொத்தமே சுமார் 20 லட்சம்.

இடிக்காமல் விட்ட வரிசை வீடுகளில் இன்று யார் யாரோ குடியிருக்கிறார்கள். கிழக்கு லண்டனில் தமிழ்க் குடும்பங்களும் அப்படிப்பட்ட வீடுகளில் உண்டு. அறைச் சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் புடைப்புதான் பழைய புகைபோக்கி. கணப்பைச் செங்கல் வைத்து அடைத்தவர்கள் காற்றுத்துளை விடாமல் பூசியிருந்தால், உள்ளே ஈரம் தங்கி, பத்தாண்டுக் கணக்கில் படிந்த கரி உப்புகள் அதில் கரைந்து, பூச்சின் வழியாகப் பழுப்புக் கறையாக வெளியே வரும். வெயில் நாளில் காய்ந்தது போல இருக்கும், மழைக்காலத்தில் திரும்பவும் ஈரமாகும், ஏனென்றால் அந்த உப்புகள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுப்பவை. மேலே பெயின்ட் அடித்துப் பயனில்லை. அடியில் ஒரு காற்றுத்துளை போட வேண்டும், உச்சியில் மழை விழாமல் காற்று மட்டும் போகும்படி மூடி வைக்க வேண்டும். கறைபட்ட பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்துவிட்டு, உப்பைத் தடுக்கும் பூச்சைப் புதிதாகப் பூச வேண்டும்.